தனிப் பயிற்சியாளர் ஆகப் படிப்பவர்கள் உடற்கூறியலிலும் உடலியங்கியலிலும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தனிப் பயிற்சியாளர் ஆவதற்குப் படிக்க வருபவர்களுக்கு நான் இவ்விரு பாடங்களையும் சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஏறக்குறைய அதே ஐயங்கள் வேறு வேறு வாய்களிலிருந்து வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, என் விடைகளைக் கீழே தந்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன. முன்பு விளக்கியதைப் பின்னால் திரும்ப விளக்காமல் சுட்டிக்காட்ட மட்டுமே செய்திருப்பதால், புதிதாகப் படிப்பவர்கள் முதலிலிருந்து வருவது நல்லது.

உடற்கூறியல், உடலியங்கியல் இரண்டும் ஒன்றுதானே? ஏன் தனித்தனிப் பாடமாக வைக்கிறார்கள்?

எது எங்கே இருக்கிறது, எதனோடு இணைந்திருக்கிறது என்று சொல்வது உடற்கூறியல். அது எப்படி வேலை செய்கிறது, வேலை கூடும்போது எப்படி மாறுகிறது என்று சொல்வது உடலியங்கியல். இதயத்துக்கு நான்கு அறைகள் இருப்பது முதல் பாடம். ஓய்வில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றும் அதே இதயம், இளைஞர் ஒருவர் முழு மூச்சாக ஓடும்போது 20 லிட்டருக்கு மேல் வெளியேற்றுவது இரண்டாம் பாடம்.

பயிற்சியாளரின் வேலையிலும் இந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு உடற்கூறியல் வேண்டும். எவ்வளவு எடை, எத்தனை முறை, இடையில் எவ்வளவு நேரம் ஓய்வு என்பதற்கு உடலியங்கியல் வேண்டும்.

206 எலும்பு, 600க்கு மேல் தசை. எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. பெரிய மூட்டுகளை அசைக்கும் முப்பது நாற்பது தசைகளை ஆழமாகத் தெரிந்துகொண்டால் தொடங்குவதற்குப் போதும். ஆனால் ஆழமாகத் தெரிவது என்பது பெயரைச் சொல்வதன்று. அந்தத் தசை எங்கே தொடங்குகிறது, எங்கே போய் ஒட்டுகிறது, இடையில் எந்தெந்த மூட்டுகளைத் தாண்டுகிறது, அதன் இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன ஆகிய நான்கையும் சொல்லத் தெரிந்தால், அது என்ன வேலை செய்யும் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம், மனப்பாடம் தேவைப்படாது.

இலத்தீன் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். பைசெப்ஸ் என்றால் இரண்டு தலை, ட்ரைசெப்ஸ் என்றால் மூன்று தலை, குவாட்ரிசெப்ஸ் என்றால் நான்கு தலை. பிரேக்கியை என்று முடிந்தால் அது மேற்கையில் இருக்கிறது, ஃபெமோரிஸ் என்று முடிந்தால் தொடையில் இருக்கிறது. பெயருக்குள்ளேயே முகவரி எழுதியிருக்கிறது. நான் மாணவர்களிடம் படத்தை மூடிவைத்துவிட்டு ஒவ்வொரு தசையையும் தம் உடம்பில் தொட்டுக் காட்டச் சொல்வேன். தொட்டுக் காட்டிய தசை மறப்பதில்லை.

தசை எப்படிச் சுருங்குகிறது? ஆக்டின், மயோசின் என்று படித்தேன், ஒன்றும் புரியவில்லை.

ஒரு தசையைப் பிரித்துக்கொண்டே போனால் முதலில் கட்டுகள், கட்டுக்குள் தசையிழைகள், ஒவ்வோர் இழைக்குள்ளும் அதைவிட மெல்லிய நுண்ணிழைகள் என்று வரும். நுண்ணிழையின் நீளம் நெடுகச் சார்கோமியர் என்னும் சிறு அறைகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. அந்த அறையில் ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளும் மயோசின் என்னும் தடித்த இழைகளும் கோத்த கைவிரல்களைப் போல ஒன்றுக்கிடையே ஒன்று செருகி நிற்கின்றன. நரம்பிலிருந்து செய்தி வந்ததும் உள்ளே கால்சியம் வெளிப்படுகிறது. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன, விடுகின்றன, மீண்டும் பற்றி இழுக்கின்றன. கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதைப் போன்றது இது. இழைகள் எவையும் குட்டையாவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் அறைதான் சுருங்குகிறது. 1954இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் ஒரு கட்டுரையிலும், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இன்னொரு கட்டுரையிலும், ஒரே இதழில் இதை வெளியிட்டார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். தேர்வுக்குப் படிப்பவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிடுவது வழக்கம்.

மயோசின் தலை பிடியை விடுவதற்கு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தேவை. இறந்த உடல் விறைத்துப்போவதற்குக் காரணம், ஏடிபி தீர்ந்துபோய்ப் பிடியை விட முடியாமல் தலைகள் அப்படியே பற்றி நிற்பதுதான். ஆக, தசை இழுப்பதற்கு மட்டுமல்லாமல் தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும்.

தசை இழுக்க மட்டும்தான் செய்யும் என்கிறீர்கள். பிறகு புஷ்-அப்பில் தரையைத் தள்ளுவது எது?

அங்கேயும் இழுப்புதான் நடக்கிறது. ட்ரைசெப்ஸ் மேற்கையின் பின்புறமாக ஓடி, முழங்கை முனையில் தட்டுப்படும் அந்தக் கூரான எலும்பில் ஒட்டுகிறது. அது அந்த முனையை மேல்நோக்கி இழுக்கும்போது, மூட்டுக்கு மறுபுறம் இருக்கும் முன்கை நீள்கிறது. மார்புத் தசை மேற்கை எலும்பை உடலின் நடுக்கோட்டை நோக்கி இழுக்கிறது. வெளியே தள்ளலாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் உள்ளே எங்கோ ஒரு தசை இழுத்துக்கொண்டிருக்கிறது. இழுக்க மட்டுமே தெரிந்த தசையால் தன்னைத் தானே பழைய நீளத்துக்குக் கொண்டுவர முடியாது என்பதால்தான் மூட்டுகளைச் சுற்றி எதிரெதிர்த் தசைகள் அமைந்திருக்கின்றன.

பைசெப்ஸ் என்றால் முழங்கையை மடக்கும் தசை. இதில் தெரிந்துகொள்ள வேறு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இப்போதே செய்து பாருங்கள். வலது முழங்கையை 90 பாகைக்கு மடக்கி, உள்ளங்கை தரையைப் பார்க்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். இடது கை விரல்களைப் பைசெப்ஸ்மேல் லேசாகப் பதியுங்கள். முழங்கையை அசைக்காமல், உள்ளங்கை கூரையைப் பார்க்கும்படி முன்கையை மட்டும் பலமாகத் திருப்புங்கள். விரல்களுக்கு அடியில் தசை திடீரென்று திரண்டு கெட்டியாகும். முழங்கை மடங்கவே இல்லை. ஆனாலும் பைசெப்ஸ் வேலை செய்தது. அதன் இரண்டு தலைகளும் தோள்பட்டை எலும்பில் தொடங்கி, முன்கையின் சுழலும் எலும்பான ரேடியஸில் போய் ஒட்டுவதால், அது முன்கையைத் திருப்பும், முழங்கையை மடக்கும், கையை முன்னால் உயர்த்தவும் ஓரளவு உதவும்.

இதிலிருந்தே ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. உள்ளங்கை கீழ்நோக்கியிருக்கக் கையை மடக்கினால் பைசெப்ஸின் இழுப்பு வலுக்குறைகிறது. அதற்கு அடியில் இருக்கும் பிரேக்கியாலிஸ் என்னும் தசையோ சுழலாத எலும்பான அல்னாவில் ஒட்டியிருப்பதால், உள்ளங்கை எப்படித் திரும்பினாலும் ஒரே மாதிரி இழுக்கிறது. அப்போது சுமையில் பெரும்பங்கு அதற்குப் போகிறது. பிடியை மாற்றினால் பயிற்சி மாறுவதன் காரணம் இதுதான்.

இரண்டு மூட்டுகளைத் தாண்டும் எந்தத் தசைக்கும் இதே சிந்தனை பொருந்தும். கெண்டைக்காலின் மேல்தசையான காஸ்ட்ரோக்னீமியஸ் முழங்காலுக்கு மேலே தொடங்குகிறது. அடியில் இருக்கும் சோலியஸ் முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து குதிகாலை உயர்த்தினால் மேல்தசை ஏற்கெனவே தளர்ந்துகிடப்பதால் சோலியஸ்தான் சுமக்கிறது. நின்றபடி உயர்த்தினால் இரண்டும் சுமக்கின்றன.

டென்டன், லிகமென்ட் இரண்டும் எனக்குக் குழம்புகின்றன. தமிழில் படித்தால் இன்னும் குழம்புகின்றன.

தமிழ்க் குழப்பத்தில் உங்கள் தவறு எதுவும் இல்லை. தசைநார் என்ற ஒரே சொல்லைச் சிலர் தசையிழைக்கும், சிலர் லிகமென்டுக்கும், சிலர் டென்டனுக்குமே எழுதுகிறார்கள். டென்டன் தசையை எலும்போடு இணைப்பது; லிகமென்ட் எலும்பை எலும்போடு இணைப்பது. குதிகாலுக்கு மேலே கயிறுபோல் தட்டுப்படுவது டென்டன்.

இவை இரண்டிலும் தசையைவிட இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே பயிற்சிக்கு ஏற்ப வலுப்பெறுவதற்கும் காயம் ஆறுவதற்கும் கூடுதல் காலம் எடுத்துக்கொள்கின்றன. புதிதாக வந்தவருக்குச் சில வாரங்களிலேயே எடையைத் தூக்க முடிந்துவிடுகிறது. டென்டன் அந்த வேகத்துக்கு வருவதற்கு மாதங்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில்தான் முழங்கால், முழங்கை, தோள் வலிகள் தொடங்குகின்றன. 'தூக்க முடிகிறதே' என்பது எடையைக் கூட்டுவதற்குப் போதிய காரணம் ஆகாது.

மூன்று தளங்கள் எதற்கு? தேர்வைத் தவிர எங்கே பயன்படும்?

முன்னும் பின்னுமான அசைவு, பக்கவாட்டு அசைவு, சுழலும் அசைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் அவை. நீங்கள் எழுதிய ஒரு வாரத் திட்டத்தை எடுத்து ஒவ்வொரு பயிற்சிக்கும் எதிரே அதன் தளத்தை எழுதிப் பாருங்கள். ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது), கர்ல் (முழங்கையை மடக்கி எடையைத் தூக்குவது) எல்லாம் முதல் தளத்திலேயே குவிந்திருக்கும். பக்கவாட்டிலும் சுழற்சியிலும் ஒன்றுகூட இல்லாமல் போயிருக்கும். அந்தக் குறை கண்ணில் படுவதே இதன் பயன்.

பெஞ்ச் பிரஸ்ஸில் பாரை இறக்கும்போது முதுகுத் தசைதானே வேலை செய்கிறது?

இல்லை. தேர்வில் மிகப் பலர் தவறும் இடம் இது. பெஞ்சில் படுத்து மார்புக்கு மேலே தள்ளிய பார் புவியீர்ப்பால் தானாகவே கீழே வரும். அதை மெதுவாக வரவைப்பதுதான் வேலை. அந்த வேலையை மார்பும் ட்ரைசெப்ஸும், சுமையைத் தாங்கியபடியே நீண்டு கொடுத்துச் செய்கின்றன. இப்படி நீண்டுகொண்டே இழுப்பது எக்சென்ட்ரிக், குறுகிக்கொண்டே இழுப்பது கான்சென்ட்ரிக், நீளம் மாறாமல் இழுப்பது ஐசோமெட்ரிக்.

எந்தத் தசை வேலை செய்கிறது என்று ஐயம் வந்தால், 'இப்போது எல்லாவற்றையும் தளர்த்திவிட்டால் சுமை எந்தப் பக்கம் விழும்?' என்று கேளுங்கள். அந்த விழுதலைத் தடுக்கும் பக்கத்தில் இருக்கும் தசைதான் வேலை செய்கிறது. தசை மேலே தூக்கக்கூடிய எடையைவிடக் கூடுதலான எடையைக் கீழே இறக்கும்போது தாங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்த விடைக்கு அது வேண்டும்.

மறுநாள் வரும் வலி லாக்டிக் ஆசிட் தேங்குவதால்தானே?

அன்று. லாக்டிக் ஆசிட் என்று நீங்கள் சொல்வது உடம்பில் லாக்டேட்டாக இருக்கிறது. கடும் பயிற்சியில் கூடும் அந்த லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. வலியோ மறுநாள் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. போய்விட்ட ஒன்று இரண்டு நாள் கழித்து வலிக்கவைக்க முடியாது. மேலும், லாக்டேட் கழிவுப் பொருளும் அன்று. இதயமும் மற்றத் தசையிழைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன, கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக மாற்றுகிறது.

வலிக்கு முதன்மையான காரணம், உடம்புக்குப் பழக்கமில்லாத எக்சென்ட்ரிக் வேலை. தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும், அதைத் தொடரும் அழற்சியும், நரம்பு முனைகளின் உணர்வு கூடுவதுமாகச் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. மலையேறும்போது மூச்சு வாங்கினாலும், மறுநாள் தொடை வலிப்பது இறங்கியதால்தான். அதே பயிற்சியை அடுத்த முறை செய்யும்போது வலி வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே வலியை நல்ல பயிற்சிக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். பயிற்சி பெறுபவர் 'நேற்று ஒன்றும் வலிக்கவில்லையே' என்று குறைப்பட்டால், இந்தக் காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆற்றல் அமைப்பு மூன்று என்கிறார்கள். பத்து விநாடி முடிந்ததும் ஒன்று நின்று அடுத்தது தொடங்குமா?

அப்படி வரிசையாக நடப்பதில்லை. மூன்றும் முதல் விநாடியிலிருந்தே இயங்குகின்றன. யாருடைய பங்கு எவ்வளவு என்பதுதான் மாறுகிறது. தசையில் இருப்பிலுள்ள ஏடிபி ஓரிரு விநாடிகளுக்குத்தான் தாங்கும். அதை உடனுக்குடன் நிரப்பித்தரும் கிரியாட்டின் பாஸ்பேட் ஏறக்குறைய பத்து விநாடி வரை முன்னணியில் நிற்கும். பிறகு, ஆக்சிஜனுக்குக் காத்திராமல் குளுக்கோஸை உடைக்கும் வழி இரண்டு நிமிடம் வரை பெரும்பங்கு ஏற்கும். அதற்கு மேல் நீடிக்கும் எதிலும் ஆக்சிஜனைக் கொண்டு மாவுச்சத்தையும் கொழுப்பையும் எரிக்கும் வழிதான் முதன்மை. இந்த எல்லைகள் தோராயமானவை. விசை கூடினால் குறுகும், குறைந்தால் நீளும்.

பயிற்சியாளருக்கு இதில் மிகவும் பயன்படுவது ஓய்வைப் பற்றிய செய்தி. தீர்ந்துபோன கிரியாட்டின் பாஸ்பேட்டில் ஏறக்குறையப் பாதி முதல் அரை நிமிடத்திலேயே திரும்பிவிடும். முழுமையாகத் திரும்ப 3 முதல் 5 நிமிடம் ஆகும். ஐந்து முறை மட்டுமே தூக்க முடிகிற கனமான எடையோடு பயிற்சி செய்பவரை ஒரு நிமிடத்தில் மீண்டும் தூக்கச் சொன்னால், அவர் தோற்பது வலிமை இல்லாததால் அன்று, எரிபொருள் திரும்பாததால்.

சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. எடை நிறையக் கூடியிருக்கிறது, ஆனால் தசை கண்ணுக்குத் தெரியவில்லை. ஏன்?

முதலில் கற்றுக்கொள்வது நரம்பு மண்டலம். ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசையிழைகளும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. கண்ணை அசைக்கும் தசைகளில் ஓர் அலகில் பத்துப் பன்னிரண்டு இழைகள் இருந்தால், கெண்டைக்காலில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். பயிற்சியின் முதல் வாரங்களில், கூடுதலான அலகுகளை அழைக்கவும், வேகமாகச் செய்தி அனுப்பவும், எதிர்ப்பக்கத் தசையைத் தேவையில்லாமல் இறுக்காமல் இருக்கவும் நரம்பு மண்டலம் பழகுகிறது. இருந்த தசையே நன்றாகப் பயன்படுவதால் எடை கூடுகிறது. தசையின் பருமன் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

லேசான எடை தூக்கினால் மெல்லிய தசை, கனமான எடை தூக்கினால் பருமனான தசை, சரியா?

முழுவதும் சரியன்று. மெதுவாகச் சுருங்கி எளிதில் களைக்காத முதல் வகை இழைகளும், வேகமாகவும் வலுவாகவும் சுருங்கிச் சீக்கிரம் களைக்கும் இரண்டாம் வகை இழைகளும் ஒவ்வொரு தசையிலும் கலந்தே இருக்கின்றன. எல்வுட் ஹென்னெமன் கண்டறிந்த அளவு விதியின்படி, உடல் முதலில் சிறிய அலகுகளை அழைக்கிறது. அவை போதாதபோதுதான் பெரியவற்றை அழைக்கிறது. எடை கனமாக இருந்தால் பெரிய அலகுகள் தொடக்கத்திலேயே வந்துவிடும். எடை லேசாக இருந்தாலும், இனி முடியாது என்னும் நிலை வரை தொடர்ந்தால், முதலில் வந்தவை களைத்து, கடைசியில் பெரியவையும் வந்தாக வேண்டும்.

எனவே பருமனைப் பொறுத்தவரை, களைப்பின் எல்லையை நெருங்கினால் லேசான எடையும் பயன் தரும். உச்ச வலிமை வேண்டுமென்றால் கனமான எடைதான் வேண்டும்; முந்தைய விடையில் சொன்ன நரம்புப் பழக்கம் கனத்தைத் தூக்கித் தூக்கித்தான் வரும்.

பெண்கள் எடை தூக்கினால் ஆண்களைப் போன்ற உடம்பு வந்துவிடாதா?

வராது. தசையைப் பருமனாக்க உதவும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவு பெண்களுக்குப் பல மடங்கு குறைவு. வலிமை கூடும், எலும்பு உறுதியாகும். எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் என்று யூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதினார். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேய்வதை எண்ணினால், பெண்களைப் பயமுறுத்தி எடையிலிருந்து விலக்கிவைப்பது அவர்களுக்குச் செய்யும் தீங்கு என்பது என் உறுதியான கருத்து.

உச்ச இதயத்துடிப்பு 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது. இதை அப்படியே நம்பலாமா?

ஒரு கூட்டத்தின் சராசரியாக நம்பலாம். எதிரே நிற்கும் ஒருவரைப் பற்றிய உண்மையாக நம்பக்கூடாது. 1971இல் ஃபாக்ஸும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது இது. இதற்கென்றே திட்டமிட்டு நடத்திய ஆய்விலிருந்து பிறந்த சூத்திரம் அன்று. 2001இல் தனாகாவும் குழுவினரும் தந்த சூத்திரம், வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பது. நாற்பது வயதில் இரண்டும் 180 என்றே சொல்லும். இருபதில் முதலாவது 200, இரண்டாவது 194. அறுபதில் முதலாவது 160, இரண்டாவது 166. ஆனால் எந்தச் சூத்திரமானாலும், ஒரே வயதுடையவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் உண்மையான உச்சம் பத்துத் துடிப்புக்கு மேல் விலகியிருக்கும்.

சற்று மேலான வழி 1957இல் கார்வோனென் காட்டியது: ஓய்வுத் துடிப்பையும் கணக்கில் சேர்ப்பது. நாற்பது வயதுக்காரரின் ஓய்வுத் துடிப்பு 70 என்றால், 180இலிருந்து 70 போக 110 அவருடைய கையிருப்பு. அதில் 60 விழுக்காடு 66. அதோடு 70ஐக் கூட்டினால் 136. உச்சத்தில் நேரடியாக 60 விழுக்காடு எடுத்தால் 108தான் வரும். ஒரே '60 விழுக்காடு' என்ற சொல்லுக்கு 28 துடிப்பு வேறுபாடு இருப்பதால், எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்று எழுதிவைக்காத எண்ணுக்கு மதிப்பில்லை.

எண்ணோடு பேச்சையும் கவனியுங்கள். முழு வாக்கியங்களாகப் பேச முடிந்தால் மிதமான விசை. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையான விசை.

என்னிடம் வருபவருக்கு எவ்வளவு ஓடினாலும் துடிப்பு ஏறவே இல்லை. அவருக்கு அவ்வளவு நல்ல உடல்திறன் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட மாணவர், ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு டிரெட்மில்லின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். கைக்கடிகாரம் 112 என்றே காட்டிக்கொண்டிருந்தது. அவரோ கைப்பிடியை இறுகப் பற்றியபடி, கேட்ட கேள்விக்கு 'ம்' என்று மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கேட்டது ஒன்றுதான்: 'என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?' விசாரித்து வந்தபோது, இரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா பிளாக்கர் எடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்த மருந்து துடிப்பை ஏறவிடாது, களைப்பை மறைக்காது. எண்ணை மட்டும் பார்த்த மாணவர், முன்னால் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

இத்தகையவர்களுக்குத் துடிப்பை வைத்து விசையைக் கணிக்கக்கூடாது. கடுமையை அவர்களையே சொல்லச் சொல்வதற்கு, ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான அளவுகோல் இருக்கிறது. மருந்தில்லாத நலமான ஒருவருக்கு அதில் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் துடிப்பு ஓரளவு கிடைக்கும் என்னும் எண்ணத்தில் அமைந்தது அது. முந்தைய விடையில் சொன்ன பேச்சுச் சோதனையும் உதவும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, முதல் சந்திப்பிலேயே நோய், மருந்து, அறுவைச் சிகிச்சை பற்றிக் கேட்டு எழுதிவையுங்கள்.

கனமாகத் தூக்கும்போது மூச்சைப் பிடிக்கலாமா, கூடாதா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மூச்சை இழுத்து அடைத்து வயிற்றை இறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடி, முதுகெலும்புக்குச் சுற்றிலும் முட்டுக்கொடுத்ததுபோல் ஆகிறது. உச்ச எடையை நெருங்கும்போது உடல் இதைத் தானாகவே செய்யும். ஆனால் இரத்த அழுத்தம் கடுமையாக எகிறும். 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அனுபவம் மிக்க உடற்கட்டு வீரர்கள் ஐவருக்குத் தமனிக்குள்ளேயே கருவி செலுத்தி அளந்தபோது, இரண்டு கால்களாலும் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் சராசரி உச்சம் 320/250 வரை போனது.

நலமான, பழகிய ஒருவர் ஓரிரு விநாடி மூச்சை அடைத்துக் கடினமான இடத்தைக் கடந்ததும் விடுவது ஏற்கத்தக்கது. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், விழித்திரைக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் புதியவர்களுக்கும் தூக்கும்போது மூச்சை விடும் பழக்கத்தையே கற்றுக்கொடுங்கள். மூச்சை அடைக்காமல் தூக்க முடியாத எடை அவர்களுக்கு உரிய எடை அன்று.

தினமும் இருநூறு க்ரஞ்ச் செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையாதா?

வயிற்றுத் தசை உரம்பெறும். அதன்மேல் இருக்கும் கொழுப்பு குறிப்பாகக் கரையாது. கொழுப்பணுவிலிருந்து வெளிவரும் கொழுப்பமிலம் முதலில் இரத்தத்தில் கலந்து, அங்கிருந்துதான் வேலை செய்யும் தசைக்குப் போகிறது. பக்கத்துத் தசைக்கு நேராகப் போகும் வழி எதுவும் இல்லை. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் குறையும் என்பதை மரபணுவும் பாலினமும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன.

குறையும் கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால், வியர்வையில் என்று பலர் சொல்கிறார்கள். 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, 1.6 கிலோ தண்ணீராகிறது. வியர்வை உடலைக் குளிர்விக்க வருவது. அதில் குறையும் எடை தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும்.

ஸ்குவாட்டில் முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்த விதியைப் பொதுவிதியாகச் சொல்லித்தருவதை நிறுத்த வேண்டும். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முழங்கால் முன்னே போகாதபடி பலகை வைத்துத் தடுத்தபோது முழங்காலின் திருப்புவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இடுப்பில் அது பத்து மடங்குக்கு மேல் கூடியது. உடம்பும் முன்னே சாய்ந்தது. அதாவது சுமை மறையவில்லை, இடம் மாறியது. தொடையெலும்பு நீளமானவர்களுக்கு முழங்கால் விரலைத் தாண்டாமல் ஆழமாக உட்காரவே முடியாது. வலிந்து செய்தால் பின்னால் விழுவார்கள்.

குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா, முழங்கால் உள்பக்கம் சரியாமல் பாதத்தின் திசையிலேயே போகிறதா, முதுகு தன் வளைவை இழக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். முழங்காலின் முன்புறம் ஏற்கெனவே வலிப்பவருக்கு மட்டும், வலி அடங்கும் வரை முன்னே போவதைக் குறைப்பது பொருத்தம்.

பயிற்சியை நிறுத்தினால் தசை கொழுப்பாகிவிடும் என்கிறார்களே? எவ்வளவு நாளில் எல்லாம் போய்விடும்?

தசையிழையும் கொழுப்பணுவும் வேறு வேறு. ஒன்று மற்றொன்றாக மாறாது. பயிற்சி நின்றதும் தசை மெலிகிறது, உணவு மட்டும் பழைய அளவில் தொடர்வதால் கொழுப்பு சேர்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் நடப்பதால் மாறியதுபோல் தோன்றுகிறது.

முதலில் இறங்குவது தாங்குதிறன். 1966இல் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்து ஆராய்ந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறனில் முப்பது ஆண்டு முதுமை செய்த இழப்பைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த இழப்பு கூடுதலாக இருந்தது. வலிமை அவ்வளவு விரைவில் போவதில்லை. சில வாரங்கள் ஓரளவு நிற்கும், ஒருமுறை பெற்றவர் திரும்ப வந்தால் முன்னைவிட வேகமாக மீட்பார்.

எண்பது வயதுக்காரருக்கு எடைப் பயிற்சி கொடுக்கலாமா? பயமாக இருக்கிறது.

மருத்துவர் ஒப்புதலோடு கொடுக்கலாம். 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரியாகத் தொண்ணூறு வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குக் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. முதுமையில் இரண்டாம் வகை இழைகள்தாம் முதலில் மெலிகின்றன. தடுக்கி விழப்போகும் கணத்தில் காலை விரைந்து முன்வைக்க அவைதாம் வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதிலிருந்து தொடங்குங்கள். எடையை ஏற்றும் வேகத்துக்கு டென்டன் பற்றிய விடையை மீண்டும் படியுங்கள். அது முதியவர்களுக்கு இருமடங்கு பொருந்தும்.

வலிக்கிறது என்கிறார். வழக்கமான வலியா, ஆபத்தா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

என்ன நோய் என்று கண்டுபிடிப்பது பயிற்சியாளரின் வேலை அன்று. நிறுத்த வேண்டியதை அடையாளம் காண்பதே உங்கள் வேலை. மறுநாள் தொடங்கி, தசையின் நடுப்பகுதியில் பரவலாக, இரண்டு பக்கமும் இருந்து, நாலைந்து நாளில் தணிவது வழக்கமான வலி. தூக்கும்போதே சுரீரென்று வந்தது, மூட்டில் ஒரே புள்ளியில் இருப்பது, வீக்கத்தோடு வருவது, கையிலோ காலிலோ மரத்துப்போதலாக இறங்குவது ஆகியவை இருந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ அனுப்புங்கள்.

மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் எல்லாவற்றையும் நிறுத்தி அவசர உதவியை அழையுங்கள். 'கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள்' என்று காலம் கடத்தாதீர்கள். நீண்ட இடைவெளிக்குப் பின் வந்தவரை முதல் நாளே அளவுக்கு மீறிப் பயிற்சி செய்யவைத்திருந்தால், அடுத்த ஓரிரு நாள்களில் தசை கடுமையாக வீங்குவதையும் சிறுநீர் அடர்பழுப்பு நிறமாவதையும் குறித்து அவரிடம் கேளுங்கள். உடைந்த தசையிழைகளிலிருந்து மயோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதற்கான அறிகுறி அது. அவர் மருத்துவமனைக்குப் போக வேண்டியது அன்றே. மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது.